மெயில் பெட்டி நிரம்பினா கன்டெய்னரும் நிக்குது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் ராயபுரத்துல இருந்து எழுதறேன். மண்ணடி தம்பு செட்டி தெருவுல ஒரு சின்ன கிளியரிங் ஆபீஸ்ல, அதாவது இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போட்டு விடுவிச்சுக் குடுக்கற ஆபீஸ்ல, 14 வருஷமா டாக்குமென்ட் வேலை பாக்கறேன். ஓடிபி மோசடி, லோன் ஆப் மோசடி பத்தியெல்லாம் உங்க பேப்பர்ல வருது, எங்க அம்மாவுக்கு நானே சத்தமா படிச்சு காட்டறேன். ஆனா கம்பெனி பேர்ல ஒரு வெப்சைட்டு, அதுலயே நாலஞ்சு மெயில் ஐடி, இதை வச்சுகிட்டு தொழில் பண்ற எங்கள மாதிரி ஆபீசுங்களுக்கு தினமும் வந்து குவியற குப்பை மெயில் பத்தி யாரும் எழுதறதில்ல. பாரிமுனைல இருந்து எம்.சி. ரோடு வரைக்கும் இப்படி எத்தனையோ கடை, எத்தனையோ ஆபீசு. அதனாலதான் நானே உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், மன்னிச்சுக்கோங்க.

மொதல்ல எங்களுக்கு நடந்தத சொல்றேன். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு இம்போர்ட்டர், சைனாவுல இருந்து ஜிப்பு பட்டன் எல்லாம் எடுக்கறவரு, பத்து வருஷ பார்ட்டி. அவரோட கன்டெய்னர் வர்ற விஷயமா லைன் ஏஜென்ட், அதாவது கப்பல் கம்பெனியோட ஆளுங்க, சரக்கு வருதுன்னு சொல்ற அரைவல் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க, சப்ளையர் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அனுப்பியிருக்காரு, ரெண்டுமே எங்க ஐடிக்கு வராம திரும்பிப் போயிருக்கு. காரணம் பெட்டி ஃபுல்லு. எங்களுக்கு தெரியவே தெரியாது, மெயில் வரலன்னா கப்பல் இன்னும் வரலன்னு நெனச்சுகிட்டு இருந்தோம். இப்ப ரூல் எப்படின்னா கப்பல் வர்ற நாளைக்கு முந்தின நாளுக்குள்ள கஸ்டம்ஸ்ல பில் ஆஃப் என்ட்ரிங்கற இறக்குமதிப் பேப்பர் போட்டாகணும், லேட்டானா மொத மூணு நாளைக்கு நாளுக்கு 5,000 ரூபா, அதுக்கப்புறம் நாளுக்கு 10,000. நாங்க நாலு நாள் லேட்டு. 25,000 ரூபா போச்சு, அது போக கன்டெய்னர் லேட்டா திரும்பிப் போறதுக்கு லைன்காரங்க வாங்கற டிடென்ஷன் தனி. அந்த பார்ட்டி போன் பண்ணி, "இன்னாம்மா, மெயில் போட்டா திரும்பி வருதாம், ஆபீச மூடிட்டீங்களா"ன்னு கேட்டாரு. பாய், அதாவது எங்க முதலாளி, ஒண்ணும் பேசல. பாதி காசு அவரு கையில இருந்து கட்டினாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, ஏன்னா அந்த பெட்டிய தினமும் பாக்கறது நான்தான்.

பெட்டி எதனால ஃபுல்லாச்சுன்னு பாத்தா எல்லாம் குப்பை. ஒரு நாள் காலைல எண்ணினேன், 312 மெயில் வந்திருந்துச்சு, அதுல நெசமா எங்களுக்கு வேணும்னு வந்தது 19. எங்க தொழில்ல இன்னொரு கஷ்டம் என்னன்னா குப்பை மெயிலும் நெச மெயிலும் ஒரே சட்டை போட்டுகிட்டு வரும். லாட்டரி விழுந்துச்சுன்னு வந்தா யாருக்கும் தெரியும். எங்களுக்கு வர்றது "ஷிப்பிங் டாக்குமென்ட்ஸ்", "பேமென்ட் அட்வைஸ்", "ஒரிஜினல் பி.எல். காப்பி"ன்னு தலைப்பு போட்டு, பெரிய கப்பல் கம்பெனி பேர்ல, கூடவே ஒரு ஜிப் ஃபைலு. தெறந்தா கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ். நாள் முழுக்க இன்வாய்ஸ் தெறக்கறதே வேலையா இருக்கற ஆளுங்க கிட்ட இன்வாய்ஸ்னு பேர் வச்சு அனுப்பறான், எவ்ளோ கெட்ட புத்தி பாருங்க.

நானும் சும்மா இருக்கல. ஹோஸ்டிங் பேனல்ல, அதாவது நம்ம வெப்சைட்டையும் மெயிலையும் வச்சிருக்கற கம்பெனி குடுக்கற செட்டிங் பக்கத்துல, ஃபில்டர்னு ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சு, தலைப்புல "இன்வாய்ஸ்" "பேமென்ட்"னு இருந்தா அழிச்சுடுன்னு போட்டு வச்சேன். ரெண்டு நாள் பெட்டி சுத்தமா இருந்துச்சு, மூணாம் நாள் ரெண்டு பார்ட்டி போன் பண்ணி பேப்பர் அனுப்பினோமே பாத்தியான்னு கேட்டாங்க. எல்லாம் என் ஃபில்டர்லயே அழிஞ்சு போயிருக்கு. அதனால முதல் விஷயமா இத சொல்லிடறேன், வார்த்தைய வச்சு ஃபில்டர் போடாதீங்க, போட்டாலும் அழிக்கச் சொல்லாம தனி ஃபோல்டருக்கு போகச் சொல்லுங்க. ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் பண்ணேன். அவங்க மாசா மாசம் காசு கட்டற ஒரு ஸ்பேம் சர்வீஸ வாங்குங்கன்னு சொன்னாங்க, நாங்க ஏற்கனவே கட்டற காசுலயே என்னென்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கறது அதுலதான்.

தண்டையார்பேட்டைல எங்க அக்கா பையன் இருக்கான், சர்வர் சப்போர்ட்ல வேலை. ஒரு ஞாயித்துக்கெழமை வரச் சொன்னேன். பேனல தெறந்து ரெண்டு நிமிஷம் பாத்தான், "சித்தி, குழாய தெறந்து வுட்டுட்டு தரைய தொடச்சிகினு கீறீங்க"ன்னு சொன்னான். எங்களோடது சி-பேனல், நெறைய சின்ன ஹோஸ்டிங்ல அதுதான். அதுல ஈமெயில் பகுதில "டீஃபால்ட் அட்ரஸ்"னு ஒண்ணு இருக்கு. நம்ம டொமைன்ல, அதாவது மெயில் ஐடில @க்கு அப்புறம் வர்ற கம்பெனி பேர்ல, இல்லாத பேருக்கு மெயில் வந்தா என்ன பண்றதுன்னு அங்கதான் சொல்லணும். எங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுத்த தம்பி, எந்த மெயிலும் தவறிடக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல, எந்தப் பேருக்கு வந்தாலும் மெயின் ஐடிக்கு தள்ளுன்னு போட்டு வச்சிருக்காரு. இதுக்கு கேட்ச் ஆல்னு பேரு. ஸ்பேம் அனுப்பறவன் நம்ம ஐடி என்னன்னு தேடறதே இல்ல, அட்மின், சேல்ஸ், ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ், டெஸ்ட், அப்புறம் ஜான், டேவிட், மரியான்னு வாய்க்கு வந்த பேரையெல்லாம் போட்டு நூறு மெயில் அனுப்புவான், எது போய் சேந்தாலும் அவனுக்கு லாபம். எங்க விஷயத்துல நூறும் போய் சேந்துச்சு. எங்க ஆபீஸ்ல டேவிட்டே கிடையாது சார், டேவிட் பேருக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏழு எட்டு மெயில்.

அத மூடறதுக்கு முன்னாடி அவன் ஒரு வேலை செய்யச் சொன்னான், அது ரொம்ப முக்கியம், யாரும் விட்டுடாதீங்க. கடைசி ஒரு வருஷத்துல வந்த நல்ல மெயில் எல்லாத்துலயும் "டு"ங்கற இடத்துல எந்த ஐடி போட்டிருக்காங்கன்னு பாக்கச் சொன்னான். பாத்தா, பாயோட பழைய விசிட்டிங் கார்டுல "டாக்ஸ்"னு ஆரம்பிக்கற ஒரு ஐடி அச்சடிச்சிருக்கு, அப்படி ஒரு பெட்டிய யாரும் உண்டாக்கவே இல்ல, இத்தனை வருஷமா கேட்ச் ஆல் புண்ணியத்துலதான் அது ஓடியிருக்கு. ரெண்டு லைன் ஏஜென்ட் அந்த ஐடிக்குத்தான் அனுப்பறாங்க. அப்படியே மூடியிருந்தா மறுபடியும் ஒரு கன்டெய்னர் நின்னிருக்கும். அதனால அந்த ஐடிக்கு வர்றது மெயின் பெட்டிக்கு தானா போற மாதிரி ஃபார்வர்டர் போட்டு வச்சுட்டு, பில் புக்கு, போர்டு, வெப்சைட்டு எல்லாத்துலயும் இருக்கற ஐடியையும் சரி பாத்துட்டு, அப்புறம்தான் டீஃபால்ட் அட்ரஸ மாத்தினோம்.

மாத்தும்போது ரெண்டு விதமா மாத்தலாம். ஒண்ணு, எர்ரர் மெசேஜோட திருப்பி விடறது. இன்னொண்ணு, சத்தமில்லாம முழுங்கிடறது. முழுங்கறத போடவே போடாதீங்க, பேனல்லயே அது வேணாம்னு எழுதியிருக்கு. ஏன்னா நெசமான ஒரு பார்ட்டி எழுத்துப் பிழையா நம்ம ஐடிய அடிச்சா, திருப்பி விடற செட்டிங்ல அவருக்கு உடனே தெரிஞ்சுடும், இந்த பேர்ல ஆளு இல்லன்னு. முழுங்கற செட்டிங்ல அவரு போய் சேந்துச்சுன்னு நெனச்சுகிட்டு நிம்மதியா இருப்பாரு, நாம வரலன்னு உக்காந்திருப்போம். எங்க தொழில்ல இதுக்கு 25,000 ரூபா வெலைன்னு தெரிஞ்சவ சொல்றேன். அந்த ஒரே ஒரு மாத்தத்துல 300 சொச்சம் வந்துகிட்டு இருந்தது மறுநாளே 90 கிட்ட எறங்கிடுச்சு.

அடுத்தது ஸ்பேம் ஃபில்டர். சி-பேனல்ல ஸ்பேம் அசாசின்னு ஒரு ப்ரோக்ராம்தான் இதுக்குப் பின்னாடி வேலை செய்யுது. ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும், தலைப்பு மொத்தமும் பெரிய எழுத்தா இருந்தா கொஞ்சம், அனுப்பின சர்வர் பேர் கெட்டுப் போனதுன்னா கொஞ்சம், உள்ள இருக்கற லிங்க் சந்தேகமா இருந்தா கொஞ்சம். கூட்டி 5 வந்தா ஸ்பேம்னு முடிவு பண்ணும், அந்த 5 நாம மாத்திக்கலாம். நம்பர் கொறைய கொறைய கெடுபிடி ஜாஸ்தின்னு ஞாபகம் வச்சுக்கணும், நெறைய பேர் இத தலைகீழா நெனச்சு 10 வச்சுட்டு ஏன் குப்பை வருதுன்னு கேக்கறாங்க. எங்க அக்கா பையன் 5லயே விட்டுட்டு "ஸ்பேம் பாக்ஸ்" மட்டும் ஆன் பண்ணி வச்சான், பிடிபட்டது தனி ஃபோல்டருக்கு போயிடும். பக்கத்துலயே ஆட்டோ டெலிட்னு ஒரு பட்டன் இருக்கும், ஆசையாத்தான் இருக்கும், தொடாதீங்க. மொத ரெண்டு வாரம் தினமும் காலைல அந்த ஃபோல்டர ஒரு தடவை பாத்தேன், மூணு நல்ல மெயில் மாட்டியிருந்துச்சு, அந்தந்த லைன் கம்பெனி டொமைன அனுமதி லிஸ்ட்ல சேத்தேன், அப்புறம் மாட்டல. அந்த ஃபோல்டரும் நம்ம பெட்டிக்கு குடுத்திருக்கற எட அளவு, அதாவது கோட்டாவுலதான் எடம் பிடிக்குது, அதனால சனிக்கெழமை சனிக்கெழமை காலி பண்ணிடணும். பெட்டி ஃபுல்லாகி பட்ட அடி போதும்.

அனுமதி லிஸ்ட் பத்தி ஒரு எச்சரிக்கை. நம்ம ஆபீஸ் டொமைன்தானேன்னு நம்ம பேரையே அதுல சேக்காதீங்க. மெயில்ல அனுப்பறவர் பேர் யாரு வேணா யார் பேர வேணா போடலாம், தபால் கவர் மேல அனுப்புநர்னு நான் உங்க பேர எழுதற மாதிரிதான். திருடன் எங்க பாய் பேர்லயே எங்களுக்கு மெயில் அனுப்பறான், அது அனுமதி லிஸ்ட்ல இருந்தா சோதனையே இல்லாம உள்ள வந்துடும்.

இதவிட பெரிய பயம் என்னன்னா எங்க பேர்ல எங்க பார்ட்டிக்கு போறது. மூணு மாசம் முன்னாடி கொருக்குப்பேட்டைல ஒரு குடோன் பார்ட்டி போன் பண்ணி "பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களாமே"ன்னு கேட்டாரு. எங்க ஐடி, எங்க லெட்டர் ஸ்டைலு, கீழ வேற அக்கவுண்ட் நம்பர். அவரு போன் பண்ணி கேட்டாரு, தப்பிச்சோம். எல்லாரும் கேப்பாங்களா? பணம் போயிட்டா உடனே 1930க்கு கூப்பிடணும்னு உங்க பேப்பர்லயும் போடறீங்க, சரி, ஆனா அது போன பின்னாடி. போறதுக்கு முன்னாடி தடுக்கறதுக்கு மூணு செட்டிங் இருக்கு, எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க். சி-பேனல்ல "ஈமெயில் டெலிவரபிலிட்டி"ங்கற பக்கத்துல மொத ரெண்டும் சரியா இருக்கா இல்லையான்னு அதுவே காட்டும், டொமைனோட செட்டிங்கும் அதே ஹோஸ்டிங்ல இருந்தா ஒரு பட்டன்ல சரி பண்ணியும் குடுக்கும்.

ஹார்பர் வேலை தெரிஞ்சவங்களுக்கு இது கஷ்டமே இல்ல. எஸ்.பி.எஃப். கேட்ல இருக்கற வண்டி நம்பர் லிஸ்ட் மாதிரி, எங்க பேர்ல மெயில் ஏத்திகிட்டு வர்றதுக்கு இந்த இந்த சர்வருக்குத்தான் பாஸ்னு டொமைன்லயே எழுதி வக்கறது. டி.கிம் கன்டெய்னர் சீல் மாதிரி, வழியில எவனாவது தெறந்து மாத்தியிருந்தா சீல் ஒத்துப் போகாது. டிமார்க்னா, லிஸ்ட்டும் இல்ல சீலும் இல்லன்னா அந்த வண்டிய என்ன பண்ணணும்னு நாம குடுக்கற உத்தரவு, சும்மா கணக்கு மட்டும் எழுது, இல்ல ஸ்பேம்ல ஓரம் கட்டு, இல்ல திருப்பி அனுப்பு. எடுத்ததும் திருப்பி அனுப்புன்னு போடாம மொதல்ல கணக்கு மட்டும் எழுதச் சொல்லி ஒரு மாசம் பாக்கணும். எங்களுக்கு அப்படி பாத்தப்பதான் தெரிஞ்சுது, பில் அனுப்பற சாஃப்ட்வேர் வேற ஒரு சர்வர் வழியா எங்க பேர்ல அனுப்புதுன்னு. அத லிஸ்ட்ல சேக்காம இருந்திருந்தா எங்க பில்லே எங்க பார்ட்டிக்கு போயிருக்காது. இன்னொண்ணும் இருந்துச்சு, எங்க டொமைன்ல ரெண்டு எஸ்.பி.எஃப். ரெக்கார்டு, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு. ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும், ரெண்டு இருந்தா ரெண்டும் செல்லாது. எத்தனை நாளா அப்படி இருந்துச்சோ.

இது இப்ப பெரிய கம்பெனிக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்ல. 2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் கண்டிப்பாக்கிட்டாங்க. ஜிமெயிலுக்கு அனுப்பற யாரா இருந்தாலும் எஸ்.பி.எஃப்., டி.கிம் ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும், ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்பறவங்களுக்கு ரெண்டும் வேணும், டிமார்க்கும் வேணும். "நான் அனுப்பறது பார்ட்டியோட ஸ்பேம்ல போய் விழுது"ன்னு நம்ம பக்கம் நெறைய பேர் பொலம்பறாங்க, காரணம் பெரும்பாலும் இதுதான், இல்லன்னா அடுத்து சொல்லப் போறது.

பாய் போன்ல ஜிமெயில்தான் பாப்பாரு. அதனால ஆபீஸ் பெட்டிக்கு வர்ற எல்லாம் அப்படியே அவரு ஜிமெயிலுக்கு போற மாதிரி ஃபார்வர்டு போட்டிருந்துச்சு. நெறைய கடையில இப்படித்தான். வர்ற குப்பையும் சேந்து போகும், கூகுள் பார்வைல அந்த குப்பைய அனுப்பினது நம்ம சர்வர், அதுக்கு பேர் கெடும், அப்புறம் நாம எழுதற நல்ல மெயிலையும் சந்தேகமா பாக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்ல ஒரே சர்வர்ல நூத்துக்கணக்கான கடை இருக்கும், நம்மளால அவங்களுக்கும் கேடு, அவங்களால நமக்கும் கேடு. ஃபார்வர்ட எடுத்துட்டு பாய் போன்ல ஐமேப் முறையில, அதாவது மெயில் சர்வர்லயே இருக்க போன்ல இருந்து பாக்கற முறையில, நேரா ஆபீஸ் பெட்டியவே போட்டுக் குடுத்தோம், போர்ட் 993. பத்து நிமிஷ வேலை. மொதல்ல ஜிமெயில்தான் வேணும்னாரு, இப்ப பழகிட்டாரு.

வேலைய விட்டுப் போன பசங்க ஐடிய உடனே மூடுங்க. எங்ககிட்ட அப்படி மூணு இருந்துச்சு, ஒண்ணோட பாஸ்வேர்டு கம்பெனி பேரும் 123ம். எவனாவது கண்டுபிடிச்சா அங்க இருந்து ஊருக்கே ஸ்பேம் போகும், ஹோஸ்டிங்காரன் மொத்த கணக்கையும் நிறுத்திடுவான். வெப்சைட்ல இருக்கற என்கொயரி ஃபாரத்துக்கு கேப்சா, அதாவது நிரப்பறது மனுஷன்தானான்னு பாக்கற சோதனை, போடுங்க, ஐடிய அப்படியே எழுத்தா பக்கத்துல போட்டு வக்காதீங்க, அத பொறுக்கறதுக்குன்னே ப்ரோக்ராம் சுத்துது. முன்னப் பின்ன தெரியாதவன் அனுப்பற குப்பைல "அன்சப்ஸ்கிரைப்"னு இருந்தா அழுத்தாதீங்க, இந்த பெட்டில ஆள் இருக்குன்னு அவனுக்கு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். நாமளா சேந்த கடை, பேங்க் விளம்பரத்துக்கு தாராளமா அழுத்தலாம்.

இதுக்கெல்லாம் நாங்க ஒரு பைசா கூட செலவு பண்ணல ஐயா. எல்லாம் ஏற்கனவே காசு கட்டின கணக்குக்குள்ளயே இருந்துச்சு. இப்ப காலைல பெட்டி தெறந்தா 25, 30 மெயில், அதுல ரெண்டு மூணுதான் குப்பை. ஒன்பதரைக்கு உக்காந்தா பத்து மணிக்குள்ள படிச்சு முடிச்சுட்டு கஸ்டம்ஸ் வெப்சைட்டான ஐஸ்கேட்ல வேலைய ஆரம்பிச்சுடறேன், முன்ன பதினோரு மணி வரைக்கும் அழிச்சுகிட்டே இருப்பேன்.

எனக்கு வருத்தம் என்னன்னா, போன்ல வர்ற விளம்பரத்துக்கு 1909ன்னு ஒரு நம்பர் இருக்கு, மெயிலுக்கு அந்த மாதிரி சொல்லி அழ ஒரு நம்பர் இல்ல. அப்ப நம்ம பெட்டிய நாமதான் பூட்டணும், பூட்டு எங்க இருக்குன்னு காட்டறதுக்காவது ஆள் வேணாமா. வெப்சைட் போட்டுக் குடுக்கற தம்பிங்களுக்கும் ஹோஸ்டிங் விக்கறவங்களுக்கும் உங்க மூலமா கேட்டுக்கறேன், கணக்க கையில குடுக்கறதுக்கு முன்னாடி கேட்ச் ஆல மூடி, ஸ்பேம் பாக்ஸ ஆன் பண்ணி, எஸ்.பி.எஃப். டி.கிம் பச்சையா இருக்கான்னு பாத்துட்டு குடுங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த பக்கம் இருக்கறதே தெரியாது, தெறந்தாலும் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கறதால பயந்து மூடிடறோம். அந்த பேனல தமிழ்லயும் குடுத்தா இன்னும் எத்தனையோ பேர் தானே பாத்துக்குவாங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வாரத்துல ஒரு நாள், வணிகப் பக்கத்துல ஒரு சின்ன பெட்டிச் செய்தியா, ஒரு வாரத்துக்கு ஒரு செட்டிங், படத்தோட போடுங்க. டீஃபால்ட் அட்ரஸ்ல இருந்து ஆரம்பிங்க. எங்க தெருவுலயே நாலு ஆபீஸ்காரங்க நான் கையால எழுதி வச்ச பேப்பர ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருக்காங்க, லிங்கி செட்டி தெருவுல இருந்து ஒருத்தர் நேத்து வந்து கேட்டாரு. நேரம் இருந்தா அவங்க ஆபீசுக்கே போய் பண்ணிக் குடுக்கறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை 600013